டிஸ்க் பிதுங்கிக் கால் நரம்பு வலி: ஊசியா, லேசரா, எண்டோஸ்கோப்பியா, மைக்ரோடிசெக்டமியா?

இடுப்பில், முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி, பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுரீரென்று இழுக்கும் வலி வந்துவிட்டால் உட்காரவும் முடியாது, நிம்மதியாகப் படுக்கவும் முடியாது. இருமினால் வலி, தும்மினால் வலி. அந்த நிலையில் எம்.ஆர்.ஐ. அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு மருத்துவர் ஊசி போடலாம் என்கிறார், அடுத்தவர் லேசர் என்கிறார், இன்னொருவர் எண்டோஸ்கோப்பி, மற்றொருவர் மைக்ரோடிசெக்டமி, அதாவது நுண்நோக்கியில் பார்த்தபடி பிதுங்கிய துண்டை எடுக்கும் அறுவை. எல்லாவற்றுக்கும் ‘சிறு துளைச் சிகிச்சை’ என்றே பெயர். தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டதும் வலியில் இருப்பவரின் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

துளையின் அளவை வைத்து இந்த முடிவை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தோலில் போட்டது 8 மில்லிமீட்டரா, 3 சென்டிமீட்டரா என்பது இரண்டு வாரத்தில் ஆறிப்போகும் விஷயம். நரம்பு எவ்வளவு பலவீனமாகியிருக்கிறது, வலி தொடங்கி எத்தனை வாரமாகிறது, பிதுங்கியது எந்த வகை: இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று. தொடைகளின் உட்புறமும் ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றிய இடமும் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, மலமோ சிறுநீரோ தெரியாமல் போனாலோ, இரண்டு கால்களும் ஒன்றாகத் தளர்ந்தாலோ, எந்தச் சிகிச்சை நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை. முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குகிறது என்று பொருள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் தாமதம்கூட நிரந்தரமாகச் சிறுநீர்க் கட்டுப்பாட்டைப் பறித்துவிடலாம். கீழே எழுதியிருப்பது எதுவும் அந்த நிலைக்குப் பொருந்தாது.

வலி எங்கிருந்து வருகிறது?

டிஸ்க்கின் உள்ளே பசை போன்ற மையம், வெளியே உறுதியான நார் வளையம். வளையத்தின் பின்பக்க ஓரம் கிழிந்து மையம் வெளியே தள்ளும்போது பக்கத்திலேயே ஓடும் நரம்பு வேரில் முட்டுகிறது. இடுப்பில் இப்படி ஆவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கடைசி இரண்டு டிஸ்க்குகளில், அதாவது எல்4-எல்5, எல்5-எஸ்1 இடங்களில்தான் (எல் என்பது இடுப்பு முள்ளெலும்பு, எஸ் என்பது அதற்குக் கீழுள்ள எலும்பு). எல்5 வேர் பாதிக்கப்பட்டால் பாதத்தின் மேற்புறம் மரத்து, கட்டைவிரலைத் தூக்குவது சிரமமாகும். எஸ்1 என்றால் பாதத்தின் வெளி ஓரம் மரத்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போகும்.

1934-இல் மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பிதுங்கிய டிஸ்க்தான் சயாடிகா எனப்படும் இந்தக் கால் நரம்பு வலிக்குக் காரணம் என்று எழுதினார்கள். அதன் பிறகு நெடுங்காலம் ‘அழுத்தம்தான் வலி, அழுத்தத்தை எடுத்தால் சரி’ என்ற பார்வையே நிலவியது. பிறகுதான் இன்னொரு பாதி தெரியவந்தது: வெளியே வந்த அந்தப் பசை நரம்பைச் சுற்றி ரசாயன அழற்சியை உண்டாக்குகிறது. அழுத்தம் மட்டும் இருந்தால் மரத்துப்போகும். அழற்சியும் சேரும்போதுதான் அந்த எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற இழுப்பும் வருகின்றன. ஊசி ஏன் சிலருக்கு வேலை செய்கிறது, ஸ்கேனில் பெரிதாகத் தெரியும் பிதுக்கம் ஏன் சிலருக்கு வலிப்பதே இல்லை என்பதெல்லாம் இங்கிருந்துதான் புரியும். 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பாதிப்பேருக்கு மேல் ஏதாவது ஒரு டிஸ்க் புடைத்திருந்தது. அறிக்கையில் ‘பல்ஜ்’ என்ற சொல் இருப்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது. கால் வலி ஓடும் பாதையும், மருத்துவர் காலைத் தூக்கிப் பார்க்கும்போது வரும் இழுப்பும், ஸ்கேனில் தெரியும் இடமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாத டிஸ்க்கில் எந்தச் சிகிச்சை செய்தாலும் வீண்.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான்

பெரும்பாலோருக்கு முதல் 6 முதல் 12 வாரங்களில் வலி கணிசமாகக் குறைந்துவிடுகிறது. உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் வெளியே வந்த துண்டை அந்நியப் பொருளாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன. இதில் பலருக்கும் நம்பக் கடினமான ஒரு விஷயம் உண்டு. லேசாகப் புடைத்த டிஸ்க் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும். முழுதாக உடைத்துக்கொண்டு வெளியே வந்த துண்டு, அறிக்கையில் ‘எக்ஸ்ட்ரூஷன்’ என்றோ ‘சீக்வெஸ்ட்ரேஷன்’ என்றோ எழுதியிருப்பது, தானாகக் கரையும் வாய்ப்பு மிக அதிகம். படிக்கப் பயமூட்டும் அறிக்கைதான் பல நேரம் நல்ல அறிக்கை.

நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு இந்த விஷயத்தில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையாக வலித்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே அறுவை. மறு பாதி காத்திருக்கும், தேவைப்பட்டால் பிறகு அறுவை. ஓராண்டு முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். வித்தியாசம் வேகத்தில்: அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி மிகச் சீக்கிரம் விட்டது. காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேர் தாங்க முடியாமல் நடுவில் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆக, காத்திருப்பது பாதுகாப்பானது, ஆனால் அது சும்மா கிடைப்பதில்லை. எத்தனை வாரத் தூக்கத்தை, எத்தனை நாள் வேலையை இழக்க முடியும் என்பதைச் சம்பந்தப்பட்டவர்தான் சொல்ல முடியும்.

காத்திருக்கும்போது படுத்தே கிடப்பதால் பலன் இல்லை; முடிந்த அளவு நடப்பதே நல்லது. நரம்பு வலிக்கென்று பரவலாக எழுதித் தரப்படும் பிரிகாபலின் மாத்திரை, 2017-இல் வந்த ஆய்வில் வெற்று மாத்திரையைவிட சயாடிகாவுக்குக் கூடுதல் பலன் தரவில்லை, தலைசுற்றல்தான் அதிகமானது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதல் இந்த வகை மாத்திரைகளைச் சயாடிகாவுக்குத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் திடீரென நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசி

எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, நரம்பு வேர் வெளியேறும் துவாரத்துக்கு அருகே ஊசியைக் கொண்டுபோய், சாயம் செலுத்தி இடத்தை உறுதி செய்து, ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் விடுவார்கள். அரை மணி நேர வேலை, மயக்க மருந்து தேவையில்லை. இது பிதுக்கத்தை எடுக்காது. அழற்சியை அடக்கி, உடல் தன் வேலையைச் செய்து முடிக்கும் வரை நாட்களைக் கடத்த உதவும்.

எதிர்பார்ப்பை இங்கே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வில், குறுகிய காலத்தில் சராசரிப் பலன் 100 புள்ளி வலி அளவுகோலில் 5 புள்ளி அளவுக்கே இருந்தது. சராசரி என்பது ஏமாற்றும். சிலருக்கு ஒன்றுமே ஆகாது, சிலர் அன்றிரவே தூங்குவார்கள். யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான வழியில்லை.

அப்படியிருந்தும் சரியான நேரத்தில் இந்த ஊசிக்கு நான் முன்னுரிமை தருவேன். 2021-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 163 பேரில் பாதிக்கு ஊசி, பாதிக்கு மைக்ரோடிசெக்டமி. பதினெட்டு வாரம் கழித்து அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கடுமையான பின்விளைவுகள் அறுவைப் பக்கம்தான் பதிவாயின. ஊசி போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு அறுவைக்குப் போகலாம். அறுவையைச் செய்துவிட்டுத் திரும்ப முடியாது. காலில் பெரிய பலவீனம் இல்லாதவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆபத்து அரிது, ஆனால் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல், முதுகுத்தண்டு ஊசி ஸ்டீராய்டால் பக்கவாதம், பார்வையிழப்பு போன்ற அரிய விபரீதங்கள் நேர்ந்திருப்பதாக எச்சரித்தது. துகள்கள் உள்ள ஸ்டீராய்டு ரத்தக்குழாயில் புகுந்து அடைப்பது ஒரு காரணம். டெக்ஸாமெதசோன் போன்ற துகளற்ற மருந்தைப் பயன்படுத்துவார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி, தயங்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். அப்புறம், முதல் ஊசி துளியும் பலன் தரவில்லையென்றால் அதே இடத்தில் இரண்டாவது, மூன்றாவது என்று தொடர்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

டிஸ்க்குக்கு உள்ளே செய்யும் சிகிச்சைகள்

லேசர், பிளாஸ்மா, ஓசோன் எல்லாம் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. ஊசி வழியே டிஸ்க்கின் மையத்தில் கொஞ்சத்தை ஆவியாக்கியோ சுருக்கியோ உள்ளழுத்தத்தைக் குறைத்தால் புடைப்பு உள்வாங்கும் என்பதே கணக்கு. வளையம் கிழியாமல் வெறுமனே புடைத்திருந்தால் இது பொருந்தக்கூடும். துண்டு வெளியே வந்துவிட்ட பிறகு உள்ளே அழுத்தத்தைக் குறைத்து என்ன பயன்? விளம்பரங்களில் இந்த வேறுபாடு சொல்லப்படுவதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். லேசரையும் வழக்கமான அறுவையையும் நேருக்கு நேர் வைத்த நெதர்லாந்து ஆய்வில் ஓராண்டு முடிவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும், லேசர் செய்தவர்களில் மறுபடி அறுவைக்குப் போனவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தக் குடும்பத்தின் மூத்தது பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபப்பைன் என்ற நொதி. 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பலருக்குப் பலனும் தந்தது. ஆனால் கடும் ஒவ்வாமையும் தண்டுவடப் பாதிப்பும் சிலருக்கு நேர்ந்ததால் மெல்ல வழக்கொழிந்தது. ஒவ்வாமை குறைவான வேறொரு நொதி, கான்டோலியேஸ், 2018-இல் ஜப்பானில் அனுமதி பெற்றிருக்கிறது. அது ஒன்றுதான் இந்த வரிசையில் நான் ஆர்வத்தோடு கவனிப்பது.

மைக்ரோடிசெக்டமி, குழாய் வழி, எண்டோஸ்கோப்பி

வெளியே வந்த துண்டைக் கையால் எடுத்துவிடும் முறைகள் இவை. மூன்றுக்கும் நோக்கம் ஒன்றுதான், போகும் பாதை மட்டும் வேறு.

மைக்ரோடிசெக்டமியில் முழு மயக்கத்தில் குப்புறப் படுக்கவைத்து, நடுமுதுகுக் கோட்டில் 2 முதல் 3 சென்டிமீட்டர் கீறி, தசையை ஒதுக்கி, எலும்பு விளிம்பில் சிறிது செதுக்கி, நுண்நோக்கியில் பார்த்தபடி நரம்பை மெல்ல நகர்த்தித் துண்டை எடுப்பார்கள். 1977-இல் யாஸர்கில், காஸ்பர் இருவரும் தனித்தனியே வெளியிட்ட முறை. இன்றும் மற்ற எதையும் இதோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறார்கள்.

தசையை வெட்டாமல் விலக்கிக் குழாயைச் செருகும் முறை 1997-இல் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 328 பேரை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஆய்வில் அது மைக்ரோடிசெக்டமியை வெல்லவில்லை. கால் வலியிலும் முதுகுவலியிலும் சற்றே பின்தங்கியது. சிறிய வாசல் என்பதால் சிறந்த பலன் வந்துவிடாது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

எண்டோஸ்கோப்பி முறைதான் இப்போது எல்லோரும் கேட்பது. பக்கவாட்டில் 8 மில்லிமீட்டர் அளவு கீறி, நரம்பு வேருக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள காம்பின் முக்கோணம் என்ற பாதுகாப்பான சந்து வழியே கேமராவும் கருவியும் உள்ளே போகும். இடத்தை மட்டும் மரக்கவைத்தே செய்யலாம். நோயாளி விழித்திருப்பதால் நரம்பைத் தொட்டால் உடனே சொல்லிவிடுவார், அதுவே ஒரு பாதுகாப்பு. நெதர்லாந்தில் 613 பேரை வைத்து நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் கால் வலி குறைவதில் இது வழக்கமான நுண்ணறுவைக்குச் சளைக்கவில்லை. இதய நோய், நுரையீரல் நோய், அதிக உடல் எடை என்று முழு மயக்கத்துக்குத் தயங்க வேண்டியவர்களுக்கு இது பெரிய வரம்.

குறைகளும் உண்டு. எல்5-எஸ்1 டிஸ்க்கில் இடுப்பெலும்பு உயரமாக இருப்பவர்களுக்குப் பக்கவாட்டுப் பாதை மறைந்துவிடும். பின்பக்கம் வழியே போக வேண்டும். துண்டு டிஸ்க் மட்டத்திலிருந்து வெகுதூரம் மேலோ கீழோ நகர்ந்திருந்தால் எட்டுவது கடினம். எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த வேலை கைக்குப் பழக நாளாகும். தொடக்க காலத்தில் துண்டு மிச்சமாகிவிடும் வாய்ப்பு அதிகம். எண்டோஸ்கோப்பியில் இப்போதுதான் கை பழகும் ஒருவரைவிட, மைக்ரோடிசெக்டமியை வாரந்தோறும் செய்யும் ஒருவரிடம் போவதையே நான் தேர்ந்தெடுப்பேன். எந்த மருத்துவமனையில் எந்தக் கருவி இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம்.

இந்த முறைகளில் தண்டுவட உறை கிழிவது நூற்றில் ஒரு சிலருக்கும், தொற்று ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கும் நேரலாம். அதே இடத்தில் மறுபடி பிதுங்குவது பொதுவாக 5 முதல் 15 சதவீதம். வளையத்தில் ஓட்டை பெரிதாக இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். புகைபிடிப்பவர்கள் அறுவைக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. கால் வலி முதலில் விடும், பல நேரம் மயக்கம் தெளிந்த அன்றே. பலம் திரும்ப வாரங்கள், மாதங்கள் ஆகும். மரப்பு கடைசியில்தான் போகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். காலுக்கு இறங்காத வெறும் முதுகுவலிக்காக இந்த அறுவையைச் செய்துகொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இன்னொன்று: முதல் முறை பிதுங்கிய, எலும்பு நழுவல் எதுவும் இல்லாத சாதாரண டிஸ்க்குக்கு ஸ்க்ரூ போட்டு எலும்புகளை இணைக்கச் சொன்னால் கட்டாயம் இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

எத்தனை நாள் பொறுப்பது?

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. கனடாவில் நான்கு முதல் பன்னிரண்டு மாதம் வரை சயாடிகாவோடு இருந்த 128 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2020-இல் வந்தது. ஆறு மாதம் கழித்து, பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் அறுவை செய்தவர்கள் 2.8 என்றார்கள், செய்யாதவர்கள் 5.2 என்றார்கள். ஆறு வாரத்தில் பொறுத்தால் தானாகச் சரியாகும் வலி, ஆறு மாதத்தில் அப்படி விடுவதில்லை.

ஆகவே நானாக இருந்தால், காலில் பலம் குறையாமல் வலி மட்டும் இருக்கும் முதல் ஆறு வாரம் நடை, சாதாரண வலி மாத்திரை, பொறுமை. அதற்குள் தூக்கமே இல்லாத அளவு வலித்தால் ஊசி. ஆறு வாரம் தாண்டியும் குறையும் அறிகுறியே இல்லையென்றாலும் ஊசி. மூன்று மாதத்தை ஒட்டியும் வாழ்க்கையை முடக்கினால் அறுவை மருத்துவரைப் பார்த்துத் தேதி பேசுவேன், ஓராண்டு வரை இழுக்க மாட்டேன். பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபடுகிறது, அல்லது நாளுக்கு நாள் பலம் குறைகிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் ரத்து. சில நாட்களுக்குள் அறுவை மருத்துவர் பார்த்தாக வேண்டும். அங்கே ஊசி போட்டு நாளைக் கடத்துவது தவறு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. என் பிதுக்கம் வளையத்துக்குள் இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா? என் கால் வலிக்கும் இந்த டிஸ்க்குக்கும் பொருத்தம் இருக்கிறதா? இதே முறையை நீங்கள் எவ்வளவு காலமாகச் செய்கிறீர்கள், பாதியில் முடியாமல் போனால் அடுத்து என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரை நான் நம்புவேன்.

அறுவைக்குத் தேதி குறித்த பிறகும் ஸ்கேன் எடுத்த நாளைப் பாருங்கள். பல மாதங்களுக்கு முன் எடுத்தது என்றாலோ, இடையில் வலியின் பாதையும் தீவிரமும் மாறியிருந்தாலோ, புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எடுக்கப் போகும் அந்தத் துண்டு அதற்குள் பாதி கரைந்திருக்கலாம்.